தற்புகழ்ச்சி தகுமா?
நன்னூல் விதியும் சாமிநாதையரின் தொடக்கமும்

ஒரு துறையில் புதிதாக அடியெடுத்து வைக்கும் இளைஞனுக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. தன் திறமையைத் தானே எடுத்துச் சொல்லாவிடில் எவரும் அறியமாட்டார்கள் என்பது ஒன்று. எடுத்துச் சொன்னால் தற்பெருமைக்காரன் என்று ஊர் பழிக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நின்று தடுமாறுவோர் பலர்.

இத்தடுமாற்றத்தைத் தீர்ப்பதாகக் கூறும் அறிவுரை நூல்கள் இன்று மலிந்துள்ளன. சவர்க்காரத்திற்கும் தேயிலைக்கும் வணிகர் ஒரு முத்திரையை உண்டாக்கி, அதைக் கடைதோறும் காட்டிப் பழக்குவது போல, இளைஞனும் தன் பெயரையே ஒரு முத்திரையாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்நூல்களின் சாரம். வேலை பின்னால் வரட்டும். பெயர் முதலில் பரவட்டும் என்கின்றன அவை. இதற்கு மாறாக, நிறைகுடம் தளும்பாது என்று ஒரே பழமொழியில் இளைஞனின் வாயை அடைத்துவிடும் பெரியோரும் உளர். ஒரு சாரார் எங்கும் பேசு என்கின்றனர். மறு சாரார் எங்கும் பேசாதே என்கின்றனர்.

இரண்டும் தமிழ் மரபு அன்று. எங்கே பேசலாம், எங்கே பேசலாகாது, யார் பேசுதல் முறை என்று வரையறுத்துக் கூறிய நூல் ஒன்று தமிழாசிரியர் கைகளிலேயே இருக்கின்றது. அது நன்னூல்.

நன்னூல் வகுத்த வரம்பு

நன்னூலின் பாயிரப் பகுதியை எழுத்துக்கும் சொல்லுக்கும் முன்னுரை என்று எண்ணி விரைந்து கடந்து செல்வோர் உண்டு. அப்பகுதியில்தான் ஆசிரியன் யார், மாணாக்கன் யார், நூல் என்பது யாது என்பனவற்றோடு, கற்றவன் தன்னைப் பற்றிப் பேசும் முறையையும் பவணந்தி முனிவர் வகுத்துள்ளார். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் சீயகங்கன் என்னும் குறுநில மன்னன் வேண்டிக்கொள்ள இயற்றப்பட்ட நூல் இது. அரசவையை அறிந்தவர் எழுதிய நூல் ஆதலின், அவையில் நிற்கும் புலவனின் இக்கட்டும் இதில் இடம்பெற்றது போலும்.

முதலில் பொதுவிதியைக் கூறுகின்றார். முன்பு எவரும் காணாதவற்றைக் கண்டு வெளிப்படுத்திப் பல துறைகளையும் முடித்துக் காட்டிய பேரறிஞனே ஆயினும், தன்னைத் தான் புகழ்ந்துகொள்ளுதல் தகுதியாகாது என்பது அவ்விதி. திறமை இல்லாதவன் புகழ்ந்துகொள்ளக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஓர் இலக்கண நூல் வேண்டுவதில்லை. திறமை நிறைந்தவனுக்கும் அது தகாது என்பதே விதியின் கூர்மை.

அடுத்து விலக்கினைக் கூறுகின்றார். நான்கு இடங்களில் தற்புகழ்ச்சி தகும். அரசனது அவைக்குத் தன்னை அறிவித்து ஓலை விடுக்கும்போது. தன் ஆற்றலை உணராதவர்களுக்கு இடையே நிற்கும்போது. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில். எதிரி தன்னைப் பழித்துரைத்த பொழுதில். இந்நான்கிலும் புலவன் தன் சிறப்பைத் தானே சொல்லலாம்.

இந்நான்கையும் எண்ணிப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். நான்கிலும் கேட்பவர் சொல்பவனை அறியாதவர், அல்லது தவறாக அறிந்தவர். ஆகவே அங்கே சொல்லப்படுவது பெருமை அன்று, செய்தி. ஏற்கெனவே அறிந்த நண்பர் கூட்டத்தில் தன்னை வியந்து பேசுவதற்கு இப்பட்டியலில் இடம் இல்லை. மற்றோர் ஒற்றுமையும் உண்டு. நான்கும் சோதனைக்களங்கள். ஓலை விடுத்தவனை அவை அழைத்துக் கேள்வி கேட்கும். அறியாதவர் ஆராய்ந்து பார்ப்பர். வாதில் எதிரி மறுப்பான். பழித்தவன் சான்று கேட்பான். சொன்ன சொல் அடங்குமுன் சோதனை தொடங்கும் இடங்களில் மட்டுமே தன்னைப் பற்றிப் பேச நன்னூலார் இசைகின்றார். அவ்விசைவும் புலவனுக்கே உரியது என்று வரையறுத்துவிடுகின்றார்.

இன்று வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞன் முதல் இடத்தில் நிற்கின்றான். நேர்காணலில் முன்பின் அறியாதவர் முன் அமர்பவன் இரண்டாம் இடத்தில் நிற்கின்றான். அங்கே அடக்கம் கருதி வாய் மூடியிருப்பது மரபைக் காப்பது ஆகாது. மரபை அறியாமையே ஆகும். ஆனால் எவரும் சோதியாத இடத்தில், கைப்பேசித் திரையில் நாள்தோறும் தன் படத்தையும் பாராட்டையும் தானே ஏற்றிவைத்தல் இந்நான்கனுள் எதனுள்ளும் அடங்காது.

பாயிரம் உரைப்போர் யார்?

நூல் ஒன்று உலகிற்கு அறிமுகமாவதற்குச் சிறப்புப்பாயிரம் வேண்டும் என்பது பழைய மரபு. அதை நூலாசிரியன் தானே செய்துகொள்ளலாகாது. அவனுடைய ஆசிரியர், அவனோடு உடன் பயின்றவர், அவனுடைய மாணாக்கர், தகுதி வாய்ந்த உரையாசிரியர் ஆகிய நால்வரே அதனை உரைத்தற்கு உரியர் என்று நன்னூல் கூறும். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருங்கு பயின்றவர் என்பது உரைமரபு.

இந்நால்வரை நன்னூலார் தேர்ந்தது ஏன்? புகழ்பெற்ற செல்வர் ஒருவரையோ பதவியில் உள்ளவரையோ அவர் சேர்க்கவில்லை. நால்வரும் அவன் உழைப்பை அருகிருந்து கண்டவர்கள். ஆசிரியர் அவன் கற்றதைக் கண்டார். உடன் பயின்றவர் அவன் தடுமாறியதையும் தேறியதையும் கண்டார். மாணாக்கர் அவன் கற்பித்ததைக் கண்டார். உரையாசிரியர் அவன் எழுதியதைச் சொல் சொல்லாகப் பிரித்துக் கண்டார். காணாதவர் புகழ்வதற்குப் பாயிரம் என்று பெயர் இல்லை.

பாயிரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. இவ்வெட்டில் ஆளைப் பற்றியது ஒன்றே. அதுவும் பெயர் அளவில் நின்றுவிடுகின்றது. எஞ்சிய ஏழும் செய்த வேலையைப் பற்றியன. இன்று வெளிவரும் நூல்களின் அணிந்துரைகள் பலவற்றில் இக்கணக்கு தலைகீழாக நிற்பதைக் காணலாம். நூலாசிரியரின் பண்பு, பழகும் இனிமை, குடும்பத்தின் பெருமை ஆகியவை ஏழு பங்கு. நூலைப் பற்றியது ஒரு பங்கு. சிலவற்றில் அந்த ஒரு பங்கும் இல்லை.

கும்பகோணத்தில் ஓர் இளைஞர்

இவ்விதிகள் ஏட்டளவில் நின்றவையா, வாழ்க்கையில் செயற்பட்டவையா என்று ஆராய்வதற்கு, டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஏற்றதொரு நூல். 1940ஆம் ஆண்டு தொடங்கி ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் மறைவினால் முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. பதிப்புலக வரலாறாகவே அதனைப் படிப்போர் பலர். ஓர் இளைஞர் பெயர் பெற்ற வரலாறாக அதனைப் படித்தால் வேறொரு பாடம் கிடைக்கும்.

அவருடைய பெயரிலிருந்தே தொடங்கலாம். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் மாணவராகச் சேர்ந்தபோது அவர் பெயர் வேங்கடராமன். வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் வினவினார். வீட்டில் சாமா என்று அழைப்பதையும், அது சாமிநாதன் என்பதன் குறுக்கம் என்பதையும் மாணவர் தெரிவித்தார். சாமிநாதன் என்றே அழைக்க விரும்பினார் ஆசிரியர். தமிழுலகம் பின்னர்ப் போற்றிய அப்பெயரை நிலைநிறுத்தியவர் பெயருக்குரியவர் அல்லர், ஆசிரியர்.

1876இல் பிள்ளையவர்கள் மறைந்தார்கள். மாணவர் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் தொடர்ந்து பயின்றார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற விரும்பியபோது, தம் இடத்திற்குச் சாமிநாதையரே தக்கவர் என்று கருதி அவரை அழைத்துச்சென்றார். செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே. அதாவது, ஒரே ஆசிரியரிடம் பயின்ற மூத்தவர் இளையவருக்குச் சொன்ன பாயிரம் அது. தேசிகரின் நற்சான்றும் உடன் இருந்தது. ஆயினும் பரிந்துரையோடு காரியம் முடியவில்லை. கல்லூரி ஆசிரியர்கள் அவரைச் சோதித்தார்கள். செய்யுளுக்குப் பொருள் உரைத்தும், அங்கேயே செய்யுள் இயற்றியும் அவர் தம் தகுதியைக் காட்டினார். 1880 பிப்ரவரி 16இல் வேலை ஏற்றார். அவருக்கு 25 வயது நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது.

அறியாரிடையே ஒரு சொல்

அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் நிகழ்ந்த சந்திப்பே 'என் சரித்திர'த்தின் நடுநாயகம் எனலாம். கும்பகோணத்திற்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார் இளம் ஆசிரியர். யாரிடம் பயின்றீர்கள் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவானின் பெயரைச் சொன்னார். அப்பெயரைக் கேட்டதும் முதலியார் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார், மலரவில்லை. என்ன நூல்கள் படித்தீர்கள் என்பது அடுத்த வினா. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று பட்டியல் நீண்டது. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டார் முதலியார். கம்பராமாயணத்தைச் சொன்னபோதும் அவர் அசையவில்லை. பிறகு சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை. அவற்றை ஏட்டில் கண்டதுமில்லை.

இக்காட்சியின் பொருள் யாது? அந்த இளைஞர் கையில் இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்று, புகழ்மிக்க ஆசிரியரின் பெயர். மற்றொன்று, கற்ற நூல்களின் நீண்ட வரிசை. திருவாவடுதுறையிலும் கும்பகோணத்திலும் செல்லுபடியான அவ்விரண்டும், வேறு அளவுகோல் கொண்ட ஒருவர் முன்னே செல்லாக்காசாயின. ஓர் ஊரில் நாட்டிய பெயர் அடுத்த ஊரில் தானே நிற்பதில்லை. அளவுகோல் மாறும் இடத்தில் பழைய முத்திரைக்கு மதிப்பில்லை.

அப்போது அவர் சொன்ன விடைதான் நன்னூலின் இரண்டாம் இடத்திற்கு இலக்கியமாக நிற்பது. நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் அவற்றையும் படித்தறியும் துணிவு தமக்கு உண்டு என்று அவர் தலைநிமிர்ந்து கூறினார். ஆற்றலை உணராதவர் முன் சொல்லப்பட்ட தற்புகழ்ச்சியே இது. ஆனால் இதன் அமைப்பை நோக்க வேண்டும். முதற்பகுதி இன்மையை ஒப்புக்கொள்கின்றது. இரண்டாம் பகுதி செய்து காட்டுவதாக வாக்களிக்கின்றது. செய்து முடித்ததைப் பற்றிய சொல் ஒன்றும் இதில் இல்லை. அடுத்துச் செய்ய வேண்டியதைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ளும் சொல் இது. முதலியார் நூலைக் கொடுத்தார். துணிவைச் சொன்னவர், சொன்ன சொல்லுக்குக் கடன்பட்டார்.

அக்கடனைத் தீர்க்க ஏழு ஆண்டுகள் ஆயின. சமணர்களிடம் சென்று அவர்தம் சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தும், ஏடுகளை ஒப்புநோக்கியும் உழைத்து, 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வந்தன. மகாமகோபாத்தியாயர் என்னும் பட்டம் 1906இல் வந்தது. பட்டம் வருமுன் பதிப்புகள் வந்துவிட்டன என்பதே கருதத்தக்கது.

அறுபது ஆண்டுகளுக்குப் பின் இக்காட்சியை எழுத வந்த முதியவர், தம் அறியாமையை மறைக்கவில்லை. முதலியாரின் அலட்சியத்தையும் தம் மனச்சோர்வையும் விரிவாகவே எழுதினார். தன் வரலாறு எழுதுவது தற்புகழ்ச்சி ஆகாதோ என்று ஐயுறுவார்க்கு இப்பகுதியே விடை. தமக்குத் தெரியாததை இத்துணைத் தெளிவாக எழுதியவர், தெரிந்ததைக் கூறும்போது நம்பத்தக்கவர் ஆகின்றார்.

தோன்றுதல் என்பது

பெயரை முதலில் நாட்டுக என்போர் திருவள்ளுவரைத் தம் துணைக்கு அழைத்தல் கூடும். தோன்றுவோர் புகழோடு தோன்ற வேண்டும் என்னும் கருத்துடைய குறள் புகழ் என்னும் அதிகாரத்தில் உண்டு அன்றோ? டாக்டர் மு. வரதராசனார், தோன்றுதல் என்பதற்கு ஒரு துறையில் முற்பட்டு விளங்குதல் எனப் பொருள் கொண்டார். பரிமேலழகர் அதனை மக்களாய்ப் பிறத்தல் என்று கொண்டார். இவ்வுரைகளுள் எதனை ஏற்பினும், புகழ் என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் தந்த விளக்கத்தை மறத்தலாகாது. புகழுக்குக் காரணமாகிய குணமே அங்குப் புகழ் எனப்பட்டது என்கின்றார் அவர். துறைக்குள் நுழையும்போது கையில் இருக்க வேண்டியது புகழ் அன்று. புகழை விளைக்கும் பண்பு.

அதிகார வைப்பும் இதற்கே சான்று பகரும். ஒப்புரவறிதல் முன்னே; ஈகை அடுத்து; புகழ் அதற்கும் பின்னே, இல்லறவியலின் இறுதியில். கொடுத்தபின் வருவது புகழ். கொடுக்கும் முன்னரே கேட்டுப் பெறுவதற்குப் பெயர் வேறு.

விதியின் குறை

இனி, நன்னூல் விதியில் குறையே இல்லையா என்று கேட்டல் வேண்டும். உண்டு. பாயிரம் உரைக்க ஆசிரியரும் உடன் பயின்றவரும் வாய்க்காதவன் என் செய்வான்? சாமிநாதையருக்கு ஒரு மகாவித்துவானும் ஒரு தேசிகரும் ஒரு செட்டியாரும் இருந்தனர். மடத்தின் வாயிலும் கல்லூரியின் வாயிலும் திறவாத குடியில் பிறந்தவனுக்கு யார் இருந்தனர்? அத்தகையோனிடம் நீயே உன்னைப் புகழாதே என்று மட்டும் சொல்வது, வாயில் இல்லாத வீட்டுக்குள் வா என்று அழைப்பது போலாகும். பெயர் நாட்டும் வித்தையை இளைஞர் நாடுவதற்கு அவர்களின் ஆசை மட்டும் காரணம் அன்று. சொல்ல வேண்டியவர் சொல்லாமையும் காரணம்.

மலாயாத் தமிழர் இக்குறையை நிரப்பக் கண்ட வழி நினைவுகூரத்தக்கது. 1950, 51ஆம் ஆண்டுகளில் தமிழ் நேசன் நடத்திய கதை வகுப்பில், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் புதியவர்களுக்குச் சிறுகதை எழுதும் முறையைக் கற்பித்தனர். ஐம்பதுகளில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் இளையோர் எழுத்துக்கு இடம் தந்தது. முன்பின் அறிமுகம் இல்லாத ஓர் இளைஞனும் அஞ்சல் வழியே தன் எழுத்தை அனுப்பலாம், அது படிக்கப்படும், தகுதி இருப்பின் அவன் பெயரோடு அச்சேறும். ஆசிரியரும் உடன் பயின்றாரும் செய்ய வேண்டிய பணியை ஏடுகள் ஏற்றுக்கொண்டன. அங்கும் சோதனை முன்னே, பெயர் பின்னே என்னும் முறை மாறவில்லை. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அது செய்த பணி நின்றுவிடலாகாது.

இங்கேதான் தமிழாசிரியரின் கடமை தெளிவாகின்றது. முதல் தொகுப்பை எடுத்து வரும் பழைய மாணவனுக்கு, படிக்காமலே வாழ்த்துரை எழுதிக் கொடுப்பது அவனுக்குச் செய்யும் தீங்கு. படித்து, குறையைக் கடிந்து, நிறையைக் குறித்து, இன்னது இவன் செய்தான் என்று எழுதுவதே பாயிரம். தன் பெயருக்கு முன்னே கவிஞர் என்று தானே எழுதிக்கொள்ளும் இளைஞனை எள்ளி நகையாடுவது எளிது. அவன் பாட்டைப் படித்து, அச்சொல் அவனுக்குப் பொருந்துமா என்று கூறுவார் இல்லாமையால்தான் அவன் தானே எழுதிக்கொண்டான் என்பதையும் எண்ண வேண்டும். எட்டயபுரத்துச் சிறுவன் சுப்பிரமணியனுக்குப் பதினொரு வயதில் பாரதி என்னும் பெயரைத் தந்தது புலவர் அவை. அவை தன் கடமையைச் செய்தது. அவன் அப்பெயருக்கு வாழ்நாள் முழுதும் கடனிறுத்தான்.

சாமிநாதையர் தம் கடனை எவ்வாறு இறுத்தார் என்பதைக் கூறி இதனை முடிக்கலாம். தம் வரலாற்றை எழுதத் தொடங்குமுன்னரே, 1933, 34ஆம் ஆண்டுகளில் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். தியாகராச செட்டியாரின் வரலாற்றையும் தனி நூலாக எழுதினார். சென்னைத் திருவல்லிக்கேணியில் அவர் நெடுங்காலம் வாழ்ந்த வீடு 2012இல் இடிக்கப்பட்டது. உலகம் போற்றும் புலவரான பின்னும் அவர் அவ்வீட்டுக்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. இருபத்தைந்து வயதில் தம் கையைப் பிடித்துக் கல்லூரி வாயிலுக்கு அழைத்துச் சென்றவரின் பெயரைச் சூட்டினார். தியாகராச விலாசம் என்பதே அவ்வீட்டின் பெயர்.